நாற்பத்தொரு மூடிகள்

பாறையம்மாவுக்கு நாற்பத்தொரு மூடிகள். பெற்றது ஒரே மகள்தான் என்றாலும், அந்த நாற்பத்தொன்றையும் தன் வயிற்றில் பிறந்தவை போலத்தான் நினைத்திருந்தாள். எது எந்தத் தோட்டத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, எங்கே விரலைக் கொடுத்தால் தூக்க வரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு திங்கட்கிழமை காலையில் அதில் ஒன்று காணாமல் போயிற்று.

என்ன மூடி, எதற்கு மூடி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாறையம்மாவின் தொழில் சிமெண்டில் பாறை செய்வது. பூங்காக்களில் அருவி கொட்டுகிற குன்று, ஹோட்டல் வாசலில் பாசி படர்ந்த கற்குவியல், வசதியான வீட்டுத் தோட்டத்தில் மரம் சாய்ந்து கிடப்பது போன்ற பெஞ்சு எல்லாம் அவள் கைவேலை. இந்தப் பாறைகளுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. கம்பியை வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் கம்பிவலை போர்த்தி, வலையின்மேல் சிமெண்ட் பூசுவார்கள். உள்ளே இருக்கிற வெற்றிடத்தில் பம்பும் குழாயும் வயரும் உட்கார்ந்திருக்கும். பம்பு என்றாவது மக்கர் பண்ணும். உள்ளே கை நுழைக்க ஒரு கதவு வேண்டும். பாறையில் இரும்புக் கதவு வைத்தால் வேடம் கலைந்துவிடும். ஆகவே கதவும் பாறையாகவே இருக்க வேண்டும். அதுதான் மூடி.

மூடி செய்வதில் பாறையம்மாவை அடிக்க ஆள் கிடையாது. மற்றவர்கள் செய்த மூடி, அம்மைத் தழும்பு போலத் தூரத்திலிருந்தே தெரியும். இவள் பாறையில் இயல்பாக ஓடுகிற பிளவு எங்கே என்று பார்த்து, அதன் ஓரமாகவே மூடியின் கோட்டைக் கொண்டுபோவாள். கோடும் மயிரிழைக்குமேல் இருக்காது. பார்க்கிறவர் கண்ணில் மண்ணைத் தூவுவதுதான் இந்தத் தொழிலே என்பது அவள் கட்சி. "எங்கேன்னு ஒரு படம் வரைஞ்சு வைக்கலாமே" என்று யாராவது சொன்னால், "படம் எதுக்கு? என் மண்டைதான் இருக்கே" என்று நெற்றியைத் தட்டிக் காட்டுவாள்.

இருபத்தெட்டு வயதுவரை அவள் சிமெண்டைத் தொட்டதுகூட இல்லை. ஒரு ஹோட்டலில் கேக்குகளின்மேல் கிரீமில் பூவும் இலையும் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நின்று வேலை செய்கிற ஜன்னலுக்கு நேர் எதிரே, தோட்டத்தில் ஒரு கொத்தனார் பத்து நாளாக ஒரு பாறையைப் பூசிப் பூசித் துடைத்துக்கொண்டிருந்தார். பதினோராவது நாள் இவளுக்குப் பொறுக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "என்னங்க இது, உருளைக்கிழங்கா?" என்று கேட்டுவிட்டாள்.

கொத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வாய் பேசுறது சுலபம். வந்து பண்ணிக் காட்டேன் பார்ப்போம்."

பண்ணிக் காட்டினாள். இடுப்பில் கட்டிய ஏப்ரனோடு, கையில் கேக் கத்தியோடு போய் நின்றாள். "கல்லுன்னா உடைஞ்சிருக்கணும். நீங்க குழந்தைக்குப் பவுடர் போடுற மாதிரி தடவிக்கிட்டே இருந்தா அது எப்படிக் கல்லாகும்?" என்று சொல்லிக்கொண்டே, ஈரப் பூச்சில் நாலு இடத்தில் வெட்டி, இரண்டு இடத்தில் பிய்த்து எறிந்தாள். அரை மணி நேரத்தில் உருளைக்கிழங்கு ஒரு மலையின் மூலையாகிவிட்டது. மூக்குடைபட்ட கொத்தனார் கோபித்துக்கொண்டு போயிருக்கலாம். அவரோ மறுநாளும் ஜன்னலைத் தட்டி, "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார். அடுத்த வருடம் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று.

வடிவம் அவள் கைக்குப் போனபிறகு அவருக்கு மிஞ்சியது சாயம். அதில் அவர் சூரர். நீர்த்த காவி, கரி, பாசிப் பச்சை என்று ஐந்தாறு டப்பாக்களை வைத்துக்கொண்டு, நேற்று பூசிய சிமெண்டுக்கு ஆயிரம் வருட வயதை ஏற்றிவிடுவார். கடைசியில் தூரிகையைக் கறுப்பில் தோய்த்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டுவார். மிளகுப் பொடி தூவியதுபோலப் புள்ளிகள் விழும். நாளடைவில் கொத்தனார் என்ற பெயர் மறைந்து, சாயக்காரர் என்பதே நிலைத்துவிட்டது.

இருவரும் சேர்ந்து இருபத்தொன்பது வருடம் பாறை செய்தார்கள். இரண்டாவது பூச்சு இறுகுவதற்குள் நாலைந்து மணி நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்தில் பாறையம்மாவிடம் யாரும் பேச்சுக் கொடுக்க முடியாது. மரப்பட்டையின் வரிகளைச் சாப்பிடுகிற முள்கரண்டியால் கீறுவாள். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு முள்கரண்டியும் நேராக இருந்ததில்லை. வேலை முடிந்ததும் இரண்டு பரீட்சை உண்டு. ஒன்று, பாறைமேல் தண்ணீரை ஊற்றிவிட்டு, அது உலர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மற்ற இடமெல்லாம் காய்ந்தபிறகும் எங்காவது ஒரு கோடு கறுப்பாக நின்றால் அங்கே விரிசல் என்று பொருள். மூடியின் கோட்டைத் தவிர அவள் பாறையில் அப்படி வேறு கோடு நின்றதே இல்லை. இரண்டாவது பரீட்சையைத் தெருநாய் நடத்தும். அது வந்து மோந்து பார்த்துக் காலைத் தூக்கிவிட்டால், "சரி, பாஸ்" என்று கரண்டிகளைக் கழுவப் போய்விடுவாள்.

அந்தத் திங்கட்கிழமை பூங்காக் கண்காணிப்பாளர் போன் செய்தார்.

"அம்மா, அருவி நின்னு போச்சு. பம்பு ஓடலை. மீனெல்லாம் மேல வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்குது. மூடி எங்கன்னு எங்களுக்குத் தெரியலை."

"இடது பக்கம். முகவாய் மாதிரி ஒரு கல்லு நீட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க. அதுக்குக் கீழ, முட்டி உயரத்துல."

"அங்கதாம்மா தேடினோம். ஒண்ணும் இல்லையே."

பாறையம்மாவுக்கு உள்ளம் குளிர்ந்தது. கண்ணெதிரே இருந்தும் தெரியவில்லை என்றால் அதைவிட ஒரு பாராட்டு உண்டா? சிரித்துக்கொண்டே கிளம்பிப் போனாள்.

ஒன்பது வருடத்துக்குமுன் செய்த அருவி அது. சாயக்காரர் உடன் இல்லாமல் அவள் முடித்த ஒரே வேலை. சாரத்திலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு அவர் நாற்பது நாள் படுத்திருந்ததால், அதற்குச் சாயமும் அவளே பூசினாள். பூசிய லட்சணம் அவளுக்கே தெரியும். போன வருடம் சாயம் மங்கிவிட்டது என்று பூங்காவிலிருந்து கூப்பிட்டபோது, அவள் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அவர்தான் தனியாகப் போய்ப் பூசிவிட்டு வந்தார். இப்போது பார்க்கும்போது பாறைக்கு நல்ல களை வந்திருந்தது. ஒரு நிமிடம் நின்று ரசித்துவிட்டு, நேராக முகவாய்க் கல்லுக்குக் கீழே குனிந்து விரலை வைத்தாள்.

அங்கே மூடி இல்லை. கோடும் இல்லை. விரல் ஓடிய இடமெல்லாம் ஒரே பாறை. கீழே பாசியும், தண்ணீர் விட்டுப்போன வெள்ளைக் கறையும் கெட்டியாக அப்பியிருந்தன. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாள். உள்ளே முழுக்க வெற்றிடம் என்பதால் எங்கே தட்டினாலும் அதே சத்தம்தான் வந்தது. ஒருவேளை வலது பக்கமோ என்று அங்கே போனாள். பின்பக்கமோ என்று புதரை விலக்கிப் பார்த்தாள். ஒரு மணி நேரம் கழித்து, முகம் வேர்க்க, முதலில் பார்த்த இடத்துக்கே திரும்பி வந்து நின்றாள்.

கண்காணிப்பாளர் நல்ல மனிதர். "விடுங்கம்மா, வயசானா அப்படித்தான். நான்கூட கண்ணாடியை மூக்குல போட்டுக்கிட்டே வீடெல்லாம் தேடுவேன்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். பாறையம்மாவோ அந்த 'வயசானா' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள்.

காரணம் இருந்தது. அவளுடைய அம்மாவுக்கு மறதி தொடங்கியது ஐம்பத்தெட்டு வயதில். ஒருநாள் காலையில் எழுந்து, "அலமாரி அந்தச் சுவத்துலதானே இருந்துச்சு, யாரு இங்க நகர்த்தினது?" என்று சண்டைக்கு வந்தாள். அது சுவரோடு சேர்த்துக் கட்டிய அலமாரி. எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் ஒத்துக்கொள்ளவே இல்லை. கையை நீட்டி, அந்தச் சுவர்தான் என்று அடித்துச் சொன்னாள். ஆறு வருடம் கழித்து, சோறு ஊட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

பாறையம்மாவுக்கு வருகிற மாதம் ஐம்பத்தெட்டு முடிகிறது. மூடி முகவாய்க்குக் கீழேதான் என்று அவளுக்கு இப்போதும் துளிகூடச் சந்தேகம் இல்லை. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது. அம்மாவுக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாயக்காரர் கேட்டார். "என்ன, பம்பு சரியாயிடுச்சா?"

"நாளைக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்று சொல்லிவிட்டு, பாத்திரம் கழுவப் போய்விட்டாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாததால் இருக்கிற பாத்திரத்தையெல்லாம் கழுவினாள். கழுவிக்கொண்டே மூடிகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தாள். நாற்பத்தொன்று வந்தது. திரும்பச் சொன்னாள். நாற்பதுதான் வந்தது. விட்டுப்போன ஒன்றைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆயிற்று.

மகளுக்குப் போன் போட்டாள். "பாப்பா பொறந்தது புதன்கிழமைதானே?"

"ஆமாம்மா. ஏன் திடீர்னு?"

"சும்மாதான்."

செவ்வாய்க்கிழமையும் தனியாகவே போனாள். இந்த முறை அளவு நாடா, சுத்தியல், விளக்கு எல்லாம் எடுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் தேடினாள். குளத்தில் ஒரு ரப்பர் குழாயைப் போட்டுத் தண்ணீரைப் பீய்ச்சி மீன்களுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு மீன்கள் ஏற்கெனவே மல்லாந்துவிட்டன. கண்காணிப்பாளர் தலையைச் சொறிந்தார். "மேலிடத்துல உடைக்கச் சொல்லிட்டாங்கம்மா. நாளைக்குக் காலையில மெஷின் வருது. மீனெல்லாம் செத்துப்போச்சுன்னா என் தலைதான் உருளும்."

பாறையம்மா சரி என்று தலையை ஆட்டினாள். பாறை உடைவது இருக்கட்டும், இன்னொன்று செய்துகொள்ளலாம். உடைத்துப் பார்க்கும்போது மூடி வேறு எங்காவது இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் வீடு வரும்வரை அவள் மனதில் ஓடியது. அப்படி இருந்துவிட்டால் அம்மாவின் அலமாரி தன்னிடம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

புதன்கிழமை காலை கண்காணிப்பாளரின் போனைச் சாயக்காரர் எடுத்துத் தொலைத்தார். "மெஷின் வந்துடுச்சுங்க. மூடி எங்கன்னு அம்மாவுக்கு மறந்துபோச்சு பாருங்க, வேற வழியில்லை" என்று மறுமுனை சொல்லிற்று.

"மறந்துபோச்சா? அவளுக்கா?" என்றவர், போனை வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அவர் சாயப் பெட்டியை எடுத்து ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். "உடைச்சா ஒட்டணும்ல. ஏறு."

பின்னால் உட்கார்ந்து போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தாள். இரண்டு முறையும், "என்னது?" என்று அவர் தலையைத் திருப்பியதும், "ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்று முடித்துக்கொண்டாள்.

பூங்காவில் மெஷின்காரர் தயாராக இருந்தார். தூசி பறக்காமலிருக்க அருவிப் பாறை முழுக்க இரண்டு வாளித் தண்ணீரை வீசி நனைத்தார். பிறகு வயர் எட்டவில்லை என்று, நீள வயர் கேட்டு அலுவலகத்துக்கு நடந்தார். வெயில் சுள்ளென்று அடித்தது. நனைந்த பாறை மேலிருந்து மெதுவாக வெளுக்கத் தொடங்கியது.

மூன்று நாளாக மூளை கலங்கிக் கிடந்த பாறையம்மாவுக்கு, அந்த வெளுப்பைப் பார்த்ததும்தான் சுரீரென்று உறைத்தது. நின்று மூன்று நாளாகிய அருவி. எப்போதும் தண்ணீர் வழிகிற பாறை இப்போதுதான் காய்ந்து கிடக்கிறது. இருபத்தொன்பது வருடமாகச் செய்த பரீட்சையை இந்த மூன்று நாளில் ஒருமுறைகூடச் செய்யத் தோன்றவில்லையே!

வயரோடு திரும்பி வந்தவரைக் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஒரு கால் மணி நேரம் கொடுங்க தம்பி."

"எதுக்கும்மா?"

"காயட்டும்."

பாறைக்கு எதிரே அவளே சிமெண்டில் செய்த கட்டை பெஞ்சில் உட்கார்ந்தாள். சாயக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மீன்களைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். பாறையின் உச்சி வெளுத்தது. முகவாய் வெளுத்தது. அதற்குக் கீழே வெளுப்பு இறங்கி வரும்போது, ஓர் இடத்தில் மட்டும் ஈரம் போக மறுத்தது. முட்டி உயரத்தில், பிளவின் ஓரமாக, நூல் பிடித்தாற்போல ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. அது மேலே ஏறி, வளைந்து, மறுபக்கம் இறங்கி, பாசிக்குள் போய் மறைந்தது.

"என் மூடி!" என்று கத்திக்கொண்டே எழுந்து ஓடினாள். "இதோ! இங்கதான்! நான் சொன்ன அதே இடம்! முதல் நாளே சொன்னேனா இல்லையா?"

வயிற்றில் பால் வார்த்தாற்போல இருந்தது அவளுக்கு. பாறையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னீங்கம்மா, சொன்னீங்க" என்றார் கண்காணிப்பாளர். "ஆனா இது ஏன் இப்படி அடைஞ்சு கிடக்கு?"

அப்போதுதான் அவளும் குனிந்து பார்த்தாள். மயிரிழைக் கோட்டுக்குள் சிமெண்ட் பாலை அழுத்தி நிரப்பி, மேலே ஈரத் துணியால் ஒற்றி, காவி பூசி, பாசிப் பச்சை தொட்டு, கடைசியில் மிளகுப் பொடி தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகளும் போட்டிருந்தது. அந்தப் புள்ளிகளைச் சுண்டிய மணிக்கட்டு எது என்று உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவளுக்குத் தெரியும். மெதுவாகத் திரும்பினாள்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சாயக்காரர் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

"அது... போன வருஷம் வந்தப்போ..." என்று இழுத்தார். "நான் விரிசல்னு நினைச்சுட்டேன்."

"விரிசலா?"

"இதுக்கு மூடி வெச்சப்போ நான் கால உடைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேனே, எனக்கு எப்படித் தெரியும்? கோணலா ஒரு கோடு ஓடுச்சு. சரி, விரிசல் விட்டிருக்குன்னு அடைச்சுட்டேன்."

"அடைச்சா அடைச்சேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"எப்படிச் சொல்றது?" சாயக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இத்தனை வருஷத்துல உன் பாறை ஒண்ணுகூட விரிசல் விட்டதில்லை. பேத்தி பொறந்த சந்தோஷத்துல இருந்தே. அப்போ போய், உன் அருவி விரிசல் விட்டுடுச்சுன்னு சொன்னா நீ ஒடிஞ்சு போயிடுவே. அதான் யாருக்கும் தெரியாம அடைச்சேன். ரெண்டு நாள் பிடிச்சுது. நல்லா அடைச்சேன்."

"நல்லாத்தான் அடைச்சிருக்கீங்க!" என்றாள் பாறையம்மா. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கப்போகிறது என்று கண்காணிப்பாளர் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். அவளோ பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு அடங்காமல் தோள் குலுங்கிற்று. குலுங்கிக்கொண்டிருக்கும்போதே அது அழுகையாக மாறியது.

சாயக்காரர் பதறிப்போனார். "ஒரு கோட்டுக்கு ஏம்மா இப்படி அழறே?"

"எனக்கு அம்மா மாதிரி ஆயிடுச்சுன்னு நினைச்சேங்க" என்றாள். "மூணு நாளா. அந்த அலமாரி... அதேதான்னு நினைச்சேன். அடுத்து உங்களை மறந்துடுவேன், பாப்பாவை மறந்துடுவேன்னு..."

சாயக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. விரிசலை மறைத்து அவளை ஒரு வருத்தத்திலிருந்து காப்பாற்றியதாக ஒரு வருடமாக உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். சாயம் துடைக்கிற துணியை எடுத்து அவளிடம் நீட்டினார். அவளும் அதை வாங்கி முகத்தைத் துடைத்ததில் கன்னத்தில் காவி ஏறிற்று.

மெஷின்காரர் பெரிய மெஷினை வைத்துவிட்டுச் சின்னக் கட்டரை எடுத்தார். கோட்டின்மேலேயே பிடித்து ஓட்டினார். கீழே அப்பியிருந்த வெள்ளைக் கறையைப் பாறையம்மாவே உளியால் தட்டினாள். பிறகு தனக்கு மட்டும் தெரிந்த பள்ளத்தில் இரண்டு விரலைக் கொடுத்து ஒரு நெம்பு நெம்ப, மூடி முனகிக்கொண்டு வெளியே வந்தது. உள்ளே பம்பின் வாயில் ஒரு பிளாஸ்டிக் பொம்மையின் கால் சிக்கியிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்ததும் பம்பு இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. தண்ணீர் உச்சியில் எட்டிப் பார்த்து, முகவாயில் வழிந்து, குளத்தில் கொட்டியது. வாயைப் பிளந்துகொண்டிருந்த மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

கண்காணிப்பாளருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அலுவலகத்துக்கு ஓடி ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் தூரிகையும் கொண்டுவந்தார். "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க. மூடியை மாட்டினதும் அது மேல சின்னதா ஒரு அம்புக்குறி போட்டுக்கிறேன். நாளைக்கே மறுபடியும் தேட வேண்டாம் பாருங்க."

சாயக்காரர் ஆகட்டும் என்று சொல்ல வாயெடுத்தார். பாறையம்மா தூரிகையைக் கண்காணிப்பாளரின் கையிலிருந்து வாங்கி, டப்பாவுக்குள்ளேயே போட்டு, அழுத்தி மூடினாள்.

"அதெல்லாம் வேண்டாம் சார்" என்றாள். "எனக்கு ஞாபகம் இருக்கு."

டப்பாவை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள். பிறகு கன்னத்துக் காவியோடு கணவர் பக்கம் திரும்பி, அவருக்கு மட்டும் கேட்கிற குரலில் இன்னொரு முறை சொன்னாள். "எனக்கு ஞாபகம் இருக்குங்க."